செம்மழை (2001)

கேரளத்தின் பல ஊர்களில் 2001ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பெய்த சிவப்பு நிற மழை. பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும் பச்சைப்பாசி ஒன்றின் வித்துகள் மழைநீரில் கலந்ததே நிறத்துக்குக் காரணம். அந்த நீரில் இருந்தவை வேற்றுலகில் தோன்றிய உயிரணுக்கள் என்று ஒரு கருதுகோள் எழுந்து உலகச் செய்தி ஆயிற்று. அதனால் பூமிக்கு வெளியே நீரில் உயிர் உண்டா என்னும் தேடலின் வரலாற்றில் இந்த மழைக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதன் அறிவியல் தகுதிக்கு அது சற்றுப் பெரிய இடம்தான்.

முதல் மழை ஜூலை 25 அன்று கோட்டயம் மாவட்டம் சங்கனாச்சேரிப் பகுதியில் பெய்தது. அதற்குச் சில மணி நேரம் முன்பு வானில் பேரொலியும் வெளிச்சமும் உண்டானதாக அப்பகுதியினர் கூறினர். செப்டம்பர் 23 வரை விட்டுவிட்டுத் தொடர்ந்த செம்மழை, கோட்டயத்திலும் பத்தனம்திட்டையிலும் மிகுதி. ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடித்தது. ஒரு தெருவில் சிவப்பாகப் பெய்ய, சில மீட்டர் தள்ளி வழக்கமான மழை பெய்தது. கொடியில் கிடந்த வெள்ளைத் துணிகள் இளஞ்சிவப்பாயின. மஞ்சள், பச்சை, கறுப்பு மழையும் ஆங்காங்கே பதிவாகியுள்ளன.

தென்காசி வட்டாரத்துக்கு இது அயலூர்க் கதை அன்று. மலைக்கு மேற்கே, கேரளத்தில், கொட்டித் தீர்த்து மிஞ்சும் ஈரக்காற்றே ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் இறங்கிக் குற்றாலத்தில் சாரலாகத் தூறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சீசன் என்றால், மலைக்கு அந்தப் பக்கம் அது முழு மழைக்காலம். செம்மழை பெய்த இரண்டு மாதமும் அதற்குள் அடங்கும்.

மழைநீரை ஆராய்ந்த திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையம், விண்கல் வெடித்த தூளாக இருக்கலாம் என்று முதலில் கருதியது. நுண்ணோக்கியில் உயிரணுக்கள் தெரிந்ததும் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் அந்த அணுக்களை ஊட்டக் கரைசலில் இட்டு வளர்த்தபோது பாசியாக முளைத்தன. இரு நிறுவனங்களும் 2001 நவம்பரில் அளித்த கூட்டறிக்கை, அவை டிரென்டிபோலியா என்னும் பேரினத்தின் வித்துகள் என உறுதி செய்தது.

டிரென்டிபோலியா வகைப்பாட்டியலார் நீண்டகாலமாக அறிந்த பாசி. இதன் இனங்கள் சிலவற்றை லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே வேறொரு பேரினத்தின் கீழ்ப் பட்டியலிட்டிருந்தார். ஜெர்மானியத் தாவரவியலாளர் மார்ஷியஸ் 1817இல் தனிப் பேரினமாகப் பிரித்து, டிரென்டிபோல் என்ற தாவரவியலாளரின் பெயரைச் சூட்டினார். பச்சைப்பாசிப் பிரிவில் அடங்கினாலும் பார்வைக்குப் பச்சை அன்று. அணுக்களில் நிறையும் கரோட்டின் நிறமிகள் பச்சையத்தை மறைத்துவிடுவதால் ஆரஞ்சு முதல் செங்கல் நிறம் வரை காட்டும். குளத்திலோ கடலிலோ வாழ்வதில்லை. ஈரக் காற்றுபடும் பாறை, சுவர், மரப்பட்டை ஆகியவற்றில் வெல்வெட்டுப் பூச்சுபோல் படர்கிறது. பூஞ்சையுடன் கூடி மரங்களில் கற்பாசியாகவும் வாழ்கிறது. வித்துப்பைகள் உதிர்ந்து காற்றில் பரவும். நீர்ப்படலம் கிடைத்தால்தான் அவற்றிலிருந்து நீந்தும் வித்துகள் வெளிவரும். தேயிலைச் செடியில் சிவப்புத் துரு நோயை உண்டாக்கும் செபலூரஸ் இதன் நெருங்கிய உறவினம். சங்கனாச்சேரிப் பகுதியின் மரங்களிலும் பாறைகளிலும் இத்தகைய கற்பாசி அடர்ந்திருந்ததைக் கள ஆய்வு காட்டியது. இவ்வளவு வித்து ஒரே நேரத்தில் மேகம்வரை எப்படி எழுந்தது என்பதை மட்டும் அறிக்கை விளக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் வேற்றுலகக் கருதுகோள் நுழைந்தது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் காட்ஃப்ரி லூயிஸ், சந்தோஷ் குமார் இருவரும் 2006இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, வால்மீன் துண்டு ஒன்று ஜூலை 25 அன்று வளிமண்டலத்தில் உடைந்து சுமார் 50 டன் அணுக்களைத் தூவியது என்றது. அவற்றில் டி.என்.ஏ. இல்லை என்றும் அவர்கள் கருதினர். கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்க இதற்கு ஆதரவளித்தார். வால்மீன்களின் உட்பகுதியில் பனி உருகி நீர் தேங்கும், அதில் நுண்ணுயிர் பெருகும் என்று ஃபிரெட் ஹாயிலுடன் சேர்ந்து அவர் ஏற்கெனவே வாதிட்டவர். செம்மழை அவருக்குக் கனிந்த சான்றாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஒரே நாளில் உடைந்த துண்டின் தூள், காற்றடிக்கும் பருவத்தில் இரண்டு மாதம் அதே மாவட்டங்களின் மேல் எப்படி நிற்கும் என்ற கேள்விக்கு நிறைவான விடை வரவில்லை.

வேற்றுலகப் பொருளை எப்படிச் சோதிப்பது என்பதற்கு விக்கிரமசிங்கவின் நாட்டிலிருந்தே நல்ல முன்மாதிரி உண்டு. இலங்கையின் காலி நகரில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த வேதியியலாளர் சிரில் பொன்னம்பெருமா, 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லை நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஒரு குழுவுடன் ஆராய்ந்தார். அதிலிருந்த அமினோ அமிலங்களில் ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறத்தாழச் சம அளவில் காணப்பட்டன. பூமியின் உயிர்கள் புரதத்தில் இடக்கை வடிவையே பயன்படுத்துவதால், மண்ணிலிருந்து ஒட்டிய அழுக்கு அன்று எனக் குழு 1970இல் முடிவு கூறியது. அக்கல்லின் தாய்ப்பொருளில் ஒருகாலத்தில் நீர் இருந்ததை அதன் கனிமங்களும் காட்டுகின்றன. இத்தனை இருந்தும் அங்கே உயிர் இருந்ததாக அவர் சொல்லவில்லை.

2015இல் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்மழை வித்துகளிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, ஆஸ்திரியாவில் அறியப்பட்ட டிரென்டிபோலியா அனுலேட்டா இனம் எனக் காட்டினர். வேற்றுலக நீரில் உயிருக்கு இடமுண்டா என்று தேடும் பணி இன்று வியாழனின் யூரோப்பா நிலவை நோக்கி 2024இல் ஏவப்பட்ட கிளிப்பர் கலத்திடமும், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியிடமும் உள்ளது. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளில் டைமெத்தில் சல்பைடு வளியின் தடயம் தெரிவதாக, கேம்பிரிட்ஜில் பணிபுரியும் இந்தியரான நிக்கு மதுசூதன் குழு 2025இல் அறிவித்தது. சான்று போதாது என்று பிற குழுக்கள் மறுத்துள்ளன.