வேவுக் கப்பல் கண்டால் மட்டும் போதுமா?



பிள்ளைகள் போனிலும் கணினியிலும் விண்வெளிப் போர் விளையாட்டுக்களில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். குறை நியாயமானதுதான். ஆனாலும் அந்த விளையாட்டுக்களுக்குள் நல்லதொரு வரலாற்றுப் பாடம் ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1993இல் வெளிவந்த மாஸ்டர் ஒஃப் ஓரியன் இந்த வகை விளையாட்டுக்களில் பெயர் பெற்றது. தொடங்கும்போது நம் கையில் ஒரு குடியேற்றக் கப்பலும் இரண்டு வேவுக் கப்பல்களும் மட்டுமே இருக்கும். வேவுக் கப்பலில் ஆயுதம் கிடையாது. தூரம் போகும், பார்க்கும், அவ்வளவுதான். இப்படியான விளையாட்டுக்களில் கெட்டிக்காரப் பிள்ளை தன்னுடைய எல்லைக்கு வெளியே ஒரு சின்னக் கப்பலைக் காவலுக்கு நிறுத்தி வைக்கும். எதிரியின் படை வந்தால் அந்தக் கப்பல் அழிந்துபோகலாம். ஆனால் ஊரைத் தயார்படுத்த அவகாசம் கிடைத்துவிடும்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ் யுத்தத்தில், கடுங்குளிரும் காற்றுமான ஓர் இரவில், நபி (ஸல்) அவர்கள் ஹுதைபா (ரழி) அவர்களை எதிரிகளின் பாசறைக்கு அனுப்பினார்கள். செய்தி அறிந்து வர வேண்டும், அவர்களைச் சீண்டிவிடக் கூடாது என்பதே கட்டளை. அங்கே அபூஸுப்யான் நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். ஹுதைபா (ரழி) வில்லில் அம்பைப் பூட்டிவிட்டார்கள். எய்திருந்தால் தப்பியிருக்காது. ஆனால் கட்டளை நினைவுக்கு வர, அம்பை எய்யாமல் செய்தியோடு திரும்பி வந்தார்கள். வேவு பார்ப்பவரின் வேலை வெல்வதல்ல, செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பது.

விளையாட்டு ஒரு விடயத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. அங்கே வேவுக் கப்பல் கண்டது அந்தக் கணமே நம் திரையிலும் தெரியும். உண்மையான உலகில் கண்டவருக்கும் காக்க வேண்டியவருக்கும் நடுவில் நீண்ட வழி உண்டு. அந்த வழியில் என்னென்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்தது இலங்கைதான் என்று பலரும் அஞ்சினார்கள். ஜப்பான் தாக்க வருகிறது என்ற உளவுத் தகவலின் பேரில், பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படைத் தளபதி சோமர்வில் தன் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். ஏப்ரல் 2 வரை யாரும் வரவில்லை. தண்ணீரும் எரிபொருளும் குறைந்துபோகவே, பெரும்பாலான கப்பல்களோடு மாலைதீவின் அட்டு அட்டோலில் இருந்த இரகசியத் தளத்துக்குப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல வாவியிலிருந்து கனடா விமானப்படையின் கட்டலினா விமானமொன்று புறப்பட்டது. அது நீரில் இறங்கும் வகை விமானம், வேகம் குறைவு, ஆனால் மணிக்கணக்காகப் பறக்கும். அதன் தலைவர் லெனார்ட் பேர்ச்சல் இலங்கைக்கு வந்தே இரண்டு நாள்தான். ஏப்ரல் 4ஆம் திகதி நாள் முழுக்கப் பறந்து, திரும்ப வேண்டிய நேரத்தில், தெற்கே அடிவானத்தில் புள்ளி போல ஏதோ தெரிந்தது. என்னவென்று பார்க்க நெருங்கிப் போனார்கள். நான்கு மாதத்துக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் படை அது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், நான்கு பெரும் போர்க்கப்பல்கள். இலங்கைக்குச் சுமார் 400 மைல் தொலைவு.

கட்டலினாவில் இருந்தது ஒன்பது பேர். எதிரியின் இடம், திசை, வேகம் ஆகியவற்றை வானொலியில் அனுப்பத் தொடங்கினார்கள். அதைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியச் சண்டை விமானங்கள் சுட்டு வீழ்த்திவிட்டன. மூவர் இறந்தார்கள். பேர்ச்சல் உட்பட ஆறு பேர் பிடிபட்டு, யுத்தம் முடியும் வரை கைதிகளாக இருந்தார்கள். ஆனால் செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னாளில் பேர்ச்சலை இலங்கையைக் காப்பாற்றியவர் என்றே அழைத்தார்கள்.

பாடப் புத்தகமாக இருந்தால் கதை இங்கே முடிந்துவிடும். உண்மையில் இதற்குப் பிறகுதான் யோசிக்க வேண்டிய பகுதி வருகிறது.

செய்தி கிடைத்ததும் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பல கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. அதனால் அவை தப்பின. மறுநாள், 1942 ஏப்ரல் 5, கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் சுமார் 125 விமானங்கள் வந்தன. முதல் நாளே எச்சரிக்கை வந்திருந்தது. கொழும்பில் ராடார் கருவியும் இருந்தது. அப்படியிருந்தும் வருகின்ற விமானங்கள் பற்றிய அறிவிப்பு நேரத்தோடு விமானத் தளங்களுக்குப் போகவில்லை. ரத்மலானையில் விமானிகள் தலைக்கு மேலே ஜப்பானியரைக் கண்ட பிறகே ஓடிப்போய் விமானத்தில் ஏறினார்கள். 400 மைலுக்கு அப்பால் உயிரைக் கொடுத்து அனுப்பிய செய்தி, கடைசி இரண்டு மூன்று மைலில் அறுந்துபோனது. அன்று பிற்பகல் கோர்ன்வோல், டோர்செட்ஷயர் ஆகிய இரு போர்க்கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் இறந்தார்கள்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9இல் நம்முடைய கிழக்குக் கரையின் முறை. இம்முறையும் முதல் நாளே வேவு விமானமொன்று கண்டு சொன்னது. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேறின. காலையில் ராடார் தூரத்திலேயே எதிரியைக் கண்டது, செய்தி தளத்துக்கும் போனது, சண்டை விமானங்கள் முன்கூட்டியே மேலெழுந்தன. சீனக்குடா பலத்த சேதமடைந்தது உண்மைதான். ஆனாலும் கொழும்பில் நடந்ததுபோல விமானிகள் தரையில் வைத்து அகப்படவில்லை.

துறைமுகத்தை விட்டுத் தெற்கே போன ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை, மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய வேவு விமானமொன்று கண்டுவிட்டது. ஹேர்மிஸில் அன்று ஒரு விமானமும் இல்லை. பார்க்கக் கண்ணும் இல்லை, அடிக்கக் கையும் இல்லை. சிறிது நேரத்தில் மூழ்கிப்போனது, 300 பேரளவில் இறந்தார்கள். சுழியோடிகள் பார்க்கப் போகும் அந்தக் கப்பல் இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

ஆகவே எச்சரிக்கை என்பது ஒரு சங்கிலி. காண வேண்டும், சொல்ல வேண்டும், கேட்டவர் நம்பி அசைய வேண்டும். இந்த மூன்றில் எது அறுந்தாலும் முடிவு ஒன்றுதான்.

2004 டிசம்பர் 26 காலை 6.59க்கு சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது. கால் மணித்தியாலத்துக்குள் ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் அதை அறிந்து தன் அங்கத்துவ நாடுகளுக்கு அறிவித்தது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கு அப்படியொரு எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை, யாருக்குச் சொல்வது என்ற பட்டியலும் இருக்கவில்லை. நம் கரைக்கு அலை வந்தது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் பிறகு. ஒன்றரை மணித்தியாலத்தில் எவ்வளவு தூரம் நடந்து போயிருக்கலாம் என்பதை மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கிண்ணியாவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2019 ஏப்ரல் 21, இன்னொரு உயிர்த்த ஞாயிறு. அன்று கண்டவர்களும் இருந்தார்கள், சொன்னவர்களும் இருந்தார்கள். வெளிநாட்டுப் புலனாய்வுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே வந்தது. அதற்கு நெடுநாள் முன்பே நம் சமூகத்தவர்களே அந்தக் கூட்டத்தைப் பற்றி முறைப்பாடு செய்திருந்தார்கள். அசைய வேண்டியவர்கள் அசையவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் அதைத் தீர்ப்பாகவே சொன்னது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் இருந்த அப்பாவிகள் உயிரிழந்தார்கள். குற்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நம் மக்கள் அதன் பின் பட்டதையும் எல்லோரும் அறிவோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை அடுத்த முறை அந்த விளையாட்டை ஆடும்போது பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் கப்பல் கண்டதை உனக்கு யார் வந்து சொல்வது? சொன்னால் நீ என்ன செய்வாய்?” பிறகு அதே கேள்வியை நம் ஊருக்கும் கேட்போம். இன்றிரவு சுனாமி அறிவித்தல் வந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியை யார் போடுவது? திறப்பு யாரிடம் இருக்கிறது? நடக்க முடியாத முதியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களை யார் தூக்கிப் போவது? கடலுக்குப் போனவர்களுக்கு யார் சொல்வது? நம் சங்கிலியின் கடைசி வளையம் கொழும்பிலோ ஹவாயிலோ இல்லை, நம் தெருவில்தான் இருக்கிறது.

நிர்வாக சபையினரும் இளைஞர்களும் இந்தக் கேள்விகளுக்கு ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து பதில் எழுதி, பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டினால் போதும். அரை மணித்தியால வேலை. 1942இல் குண்டு விழுந்த கதையைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதையும் கொமெண்டில் எழுதுங்கள். நம் கரையின் வரலாற்றை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.