நூறிலிருந்து கழித்த கணக்கு

அச்சேறிய எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை மறந்து, அட்டவணையிற் கண்டதை இயற்கையே எழுதித் தந்ததாக நம்பிவிடுகின்றோம். இம்மயக்கத்தால் விளையும் இடரைத் தலவாக்கலையில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு உணர்த்தியவர், கொழுந்து பறிக்கும் ஒரு தாய்.

அவருடைய மகன் நம் மாணவன். நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்பவன். உண்ணும் காபோவைதரேற்றின் அளவை அறிந்தே அவனுக்குரிய மருந்தின் அளவு கணிக்கப்படுகின்றது. தாயின் கையிலோ இரண்டு தாள்கள். அரிசி நூறு கிராமில் 78 கிராம் என்றது ஒன்று. 28 என்றது மற்றது. குரக்கனுக்கு ஒன்று 72 என்றது. மற்றது ஏறக்குறைய 67 என்றது. “இதுல எதங்க சார் நம்புறது?” என்று கேட்டார்.

அரிசிக் கணக்கின் முடிச்சு எளிதில் அவிழ்ந்தது. 78 என்பது வேகாத அரிசிக்கு. 28 என்பது நீரை உறிஞ்சிப் பெருத்த சோற்றுக்கு. இரண்டும் உண்மையே. ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு மருந்தேற்றினால் உயிருக்கே தீங்கு நேரலாம்.

குரக்கன் கணக்கோ நம்மை வரலாற்றுக்குள் இட்டுச் சென்றது. 1860களில் ஜெர்மனியின் வேண்டே என்னும் ஊரிலிருந்த விவசாய ஆய்வு நிலையத்தில் ஹென்னபர்க், ஸ்டோமன் என்னும் இருவர் ஒரு பகுப்பாய்வு முறையை வகுத்தனர். ஈரம், புரதம், கொழுப்பு, சாம்பல் ஆகியவற்றை அளந்தனர். அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்தபின் எஞ்சியதை நார் எனக் கொண்டனர். இவையனைத்தையும் நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவும் சர்க்கரையும் என்பது கணக்கு. அவர்கள் ஆராய்ந்தது மனித உணவையன்று, கால்நடைத் தீவனத்தை!

அமெரிக்காவில் அட்வாட்டர் 1896இல் வெளியிட்ட புகழ்பெற்ற உணவு அட்டவணையும் கழித்தல் முறையையே கைக்கொண்டது. உழைப்பாளி குறைந்த செலவில் எவ்வாறு வேண்டிய சத்தைப் பெறலாம் என்பது அவருடைய அக்கறைகளுள் ஒன்று. அக்கேள்விக்கு அக்கணக்குப் போதுமானதாயிருந்தது.

1922இல் இன்சுலின் மருத்துவத்துக்கு வந்ததும் கேள்வி மாறியது. தாமே நீரிழிவு நோயாளியாயிருந்த இலண்டன் மருத்துவர் லாரன்ஸ், உணவிலிருந்து உண்மையில் இரத்தத்திற் சேரும் மாவும் சர்க்கரையும் எவ்வளவு என அறிய விரும்பினார். மெக்கான்ஸ் என்பார் கழித்தலைக் கைவிட்டு அவற்றை நேரடியாக அளந்தார். இருவரும் 1929இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றிலும் பிழை இருந்தது. பழச் சர்க்கரையின் ஒரு பகுதி சோதனையின்போதே அழிந்துவிட்டதென்பதை 1933இல் எல்சி விடோசன் என்னும் இளம் பெண் சுட்டிக்காட்டினார். மெக்கான்ஸ் சினந்தாரில்லை, அவரையே உடனாய்வாளராகச் சேர்த்துக்கொண்டார். 1940இல் வெளிவந்த பெருநூல் இருவர் பெயரையும் தாங்கியது.

நம் பக்கத்து உணவுகளுக்கு நீலகிரியின் குன்னூர் ஆய்வுக்கூடம் வழிகாட்டியது. 1937இல் அய்க்ராய்ட் வெளியிட்ட நூலின் வழிவந்ததே, ஐதராபாத்திலிருந்து கோபாலன் முதலியோர் 1971இல் வெளியிட்ட அட்டவணை. அதில் குரக்கனுக்கு ஈரம் 13.1, புரதம் 7.3, கொழுப்பு 1.3, தாதுப்பொருள் 2.7, நார் 3.6. கூட்டினால் 28, நூறிலிருந்து கழித்தால் 72. முதல் தாளின் எண் இதுவே. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையும் கழித்தல் கணக்குத்தான். ஆனால் சமியாத நார்ப்பொருள் முழுவதையும் அளந்தபோது அது 11 கிராமுக்கு மேல் இருந்தது. விடை 66.8 ஆயிற்று. குரக்கன் மாறவில்லை, நார் என்று எதனைக் கொள்வது என்பதே மாறியது. எனவே இன்சுலின் கணக்குக்கு ஏற்றது பிந்திய எண்ணே எனலாம்.

ஆயினும், லயத்து அடுப்பில் அன்றாடம் வேகுவது கோதுமை ரொட்டி. தோட்ட நிர்வாகம் அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியிற் கழித்த காலம் ஒன்றிருந்தது. அதுவும் ஒரு கழித்தல் கணக்கே! 1942இல் பர்மா அரிசி நின்று பங்கீடு வந்தபோது கோதுமை மா பெருகியது. அம்மாவில் நார் குறைவு. ஆதலால் பழைய அட்டவணையும் புதியதும் நூறு கிராமுக்குச் சுமார் 74 என ஒத்துப்போகின்றன. ஆனால் “ரொட்டி ஒன்று” என்று தாளில் எழுதியவர் எந்த வீட்டு ரொட்டியைக் கண்டார்? அரைக் கிலோ மாவிற் பத்து ரொட்டி தட்டினால் ஒன்றில் மாவின் பங்கு 37 கிராம். எட்டுத் தட்டினால் 46. தேங்காய்ப்பூவின் சிறு பங்கு வேறு.

விஞ்ஞான அறைத் தராசில் அத்தாயின் ரொட்டிகளை நாமும் மாணவரும் நிறுத்துப் பார்த்தோம். பிசைந்த மாவின் நிறையையும் ரொட்டியின் தொகையையும் ஒரு கொப்பியில் எழுதினோம். அடுத்த கிளினிக் நாளில் அதனை மருத்துவரிடம் காட்டுமாறு கொடுத்தனுப்பினோம்.

1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம் ஊர்ச் சென்கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கின்றது. கொழுந்தின் வேதியியலை அங்கே நுணுகி ஆராய்கின்றனர். கொழுந்து பறிப்பவரின் ரொட்டிக்கும் அத்தகைய தராசு வேண்டாமா? கால்நடைக்கு எனக் கேட்ட கேள்விக்கு ஒரு விடை, கூலியாளின் வயிற்றுக்கு எனக் கேட்ட கேள்விக்கு ஒரு விடை, நோயாளியின் உயிருக்கு எனக் கேட்ட கேள்விக்கு ஒரு விடை. எந்த எண்ணைக் கண்டாலும், யாருக்காக, எவ்வாறு அளந்தீர் என்று கேட்க நம் மாணவர் பழகுவார்களாக. விடோசன் கேட்டார், ஓர் அட்டவணை திருந்தியது.