சித்தாளும் பழகுநரும்

கொத்தனாருக்குக் கலவை சுமந்து கொடுப்பவரைச் சித்தாள் என்கிறோம். வண்டிப் பட்டறையில் பானா எடுத்துக் கொடுப்பவனைப் பையன் என்கிறோம். அரசு ஆவணங்களோ, வேலையிடத்தில் தொழில் கற்பவருக்குத் 'தொழில் பழகுநர்' என்றோர் அழகிய பெயரைச் சூட்டியுள்ளன. இம்மூன்று பெயர்களுக்கும் இடையே உள்ள தொலைவு சொல்லளவில் மட்டுமா என்பதையே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

கம்பெனி ஆட்சிக் காலத்தில், 1850இல், இந்தியாவில் ஒரு பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. பொதுத் தருமத்தில் வளரும் அனாதைச் சிறுவர்களும் ஏழைச் சிறுவர்களும் பிழைப்புக்கு ஒரு தொழில் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பத்து வயது கடந்த பிள்ளையைப் பத்திரம் எழுதி ஒரு தொழிலாசானிடம் பிணைக்கலாம்; ஆனால் ஏழாண்டுகளுக்கு மேல் பிணைக்கலாகாது. கல்விக்குரிய விலையைச் சிறுவன் தன் உழைப்பால் செலுத்தினான் எனலாம்.

விடுதலைக்குப் பின் 1961இல் நிறைவேறி, 1962 மார்ச்சு மாதம் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இக்கணக்கை மாற்றியது. நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பழகுநரைச் சேர்க்க வேண்டும். உதவித்தொகை வழங்க வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதிய வேண்டும். குறைந்த வயது 14 என்றாயிற்று. அதே சட்டம், பழகுநர் கற்பவரேயன்றித் தொழிலாளர் அல்லர் என்றும், பயிற்சி முடிந்ததும் வேலை தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்றும் அன்று வரையறுத்தது.

மோட்டார் மெக்கானிக், கொத்தர், குழாய் பொருத்துநர் ஆகிய தொழில்களும் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றன. எனினும் சட்டத்தின் கை பெரிய ஆலைகளுக்கே எட்டியது. சாலையோரப் பட்டறையில் இருப்பவர் மூவரோ நால்வரோதான். கட்டடத்திலோ ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், மேஸ்திரி என்று படிகள் பல. சித்தாளின் பெயர் யாருடைய பதிவேட்டில் ஏறும்? 2019ஆம் ஆண்டின் விதிகளும் 30 பேருக்குக் குறையாத நிறுவனங்களையே கட்டாயப்படுத்தின.

முதலாளிகளின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. நாம் செலவிட்டுப் பழக்கியவனை அடுத்த நிறுவனம் அழைத்துக்கொண்டால் என் செய்வது? இங்கிலாந்து இதற்கு 1964இல் ஒரு வழி கண்டது. ஒரு தொழிலைச் சார்ந்த நிறுவனங்கள் அனைத்திடமும் பயிற்சித் தீர்வை வாங்கி, பயிற்சி அளித்த நிறுவனங்களுக்கு அதிலிருந்து மானியம் வழங்கினர். கட்டுமானத்துக்கு 1964இலும் சாலைப் போக்குவரத்துக்கு 1966இலும் வாரியங்கள் அமைந்தன. பிற வாரியங்கள் பல 1980களில் கலைக்கப்பட்டபோதும், கட்டுமான வாரியம் நிலைத்து நின்றது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் திட்டம் வேறு வழியை நாடியது. உதவித்தொகையில் கால்பங்கை, 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசே ஈடுசெய்ய முன்வந்தது.

தம் தேவையை உணர்ந்து தாமே முன்வந்தோரும் உளர். எல் அண்டு டி நிறுவனம் 1995இல் சென்னையில் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. ஆயினும் இத்தகைய நிலையங்களின் வாயிலை எட்டாமலே வேலைக்கு வந்தவர்கள்தாம் நம் ஊர்க் கட்டடங்களில் மிகுதி. அவர்களுக்கு மேஸ்திரியே ஆசான், அவரே புரவலர். அவருக்கு எந்த மானியமும் இல்லை.

உதவித்தொகையைவிடப் பத்திரத்தில் எழுதப்படும் கால எல்லையே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது. 1850ஆம் ஆண்டின் கடுமையான சட்டங்கூட ஏழாண்டு என்று ஓர் எல்லை வகுத்தது. அதன்பின் கற்றவன் கற்றவனே. பட்டறைப் பையன் என்றேனும் மெக்கானிக் ஆகிவிடுகிறான். ஆண் சித்தாள் பலர் கொத்தனாராகிவிடுகின்றனர். ஆனால் இருபதாண்டுகள் கலவை சுமந்தும் கரணையைக் கையில் வாங்காத பெண் சித்தாள்களை நம் தெருவில் எழும் கட்டடத்திலேயே காணலாம். அவர்கள் பழகவில்லை என்று யார் சொல்ல இயலும்? பழகி முடித்தார்கள் என்று எழுதித் தருவதற்குத்தான் ஆளில்லை.