தூத்துக்குடிக்கு வந்த பாதைகள்

தூத்துக்குடியில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "ஒண்ணாம் கேட்டுக்கு இந்தப் பக்கம்", "ரெண்டாம் கேட்டைத் தாண்டி இடது கைப் பக்கம்", "மூணாம் கேட் பாலத்துக்குக் கீழே" என்றுதான் சொல்வார்கள். வேறு ஊர்களில் கோயிலையோ குளத்தையோ அடையாளம் சொல்வார்கள், எங்கள் ஊரில் ரயில்வே கேட்டைச் சொல்வோம். கிரேட் காட்டன் ரோடு, விக்டோரியா எக்ஸ்டென்ஷன் ரோடு என்று பெரிய பெரிய பெயர்களில் தெருக்கள் இருந்தும் கேட்தான் எங்களுக்கு எல்லைக்கல். இது எப்படி வந்தது என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் கதையை மூன்று துறைமுகங்களின் கதையாகச் சொல்வது வழக்கம். முதலில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மணலில் கடல் விலகிப்போக, அது இன்று வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கும் சிற்றூர். அடுத்தது காயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்து வியந்தது இந்தத் துறையைத்தான். ஆறு அதையும் விட்டுவைக்கவில்லை. மூன்றாவதாகத் தூத்துக்குடி. ஆற்று முகத்திலிருந்து விலகியும் இருந்தது, எதிரே சிறு தீவுகளின் மறைவும் இருந்தது. 1530களில் போர்த்துகீசியர் வந்தார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1825இல் ஊர் கடைசியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. யார் வந்தாலும் கண் முத்தின் மேலும், அதை எடுத்துத் தந்த பரதவர் மேலும்தான்.

முத்துக்குத் தனியாகப் பாதை வேண்டாம், மடியில் கட்டிக்கொண்டு போய்விடலாம். பாதை வேண்டியிருந்தது பஞ்சுக்கு. கோவில்பட்டி, எட்டயபுரம் கரிசலில் விளைந்த பருத்தி மாட்டு வண்டிகளில் ஏறித் தூத்துக்குடிக் கிட்டங்கிகளுக்கு வந்தது. காட்டன் ரோடு என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1866இல் ஊர் நகராட்சியானது. 1876 ஜனவரியில் மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை வந்து சேர்ந்தது.

ஸ்டேஷனை ஊருக்கு வெளியே வைக்கவில்லை. சரக்கு கப்பலுக்குப் போக வேண்டும் என்பதே நோக்கமாக இருந்ததால் பாதையைக் கடற்கரைக்குப் பக்கம் வரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். அன்றைக்கு அது நியாயமான கணக்கு. ஊர் சிறிது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் வெறும் மணலும் உடைமரமும். பிறகு ஊர் இரண்டு பக்கமும் வளர்ந்தது. ரயில் பாதை நடு வகிடாகிவிட்டது. ஊருக்குப் பாதை போட்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன், கப்பலுக்குப் போட்டார்கள். இந்த ஒரு பழக்கம் பின்னால் வந்த எல்லாத் திட்டங்களிலும் தொடர்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கப்பல் என்றதும் கரையில் வந்து நின்றது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே கடல் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல்கள் சுமார் ஐந்து மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். பஞ்சுப் பொதியோ, கருவாடோ, ஆளோ, எல்லாம் தோணியிலும் வள்ளத்திலும் போய்த்தான் ஏற வேண்டும். காற்று மாறினால் வேலை நிற்கும். கரையையும் கப்பலையும் சேர்த்து வைத்த அந்த ஐந்து மைல்தான் எங்கள் ஊரின் தொழில். தோணி கட்டிய ஆசாரிகள், தண்டல்கள், பாய் தைத்தவர்கள், சுமை தூக்கியவர்கள் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் பிழைத்தன. ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவலைப் படித்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்கு வழி தூத்துக்குடிதான். ரயிலில் வந்து இறங்கிக் கப்பல் ஏறுவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளிகளும் இந்த வழியில்தான் போனார்கள். அவர்களை நிறுத்தி வைத்த முகாம் ஊருக்கு மேற்கே தட்டப்பாறையில் இருந்தது. இன்றைக்கு அந்த ஸ்டேஷனை ரயில் கடக்கும்போது ஜன்னல் வழியே பார்க்கிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு ஆட்கள் போகும் வழி யார் கையில் இருந்தது? பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில். வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்ததை நாம் தேசபக்திக் கதையாகவே படித்திருக்கிறோம். அதைப் போக்குவரத்துக் கதையாகவும் படிக்கலாம். ஒரு ஊரின் ஒரே வாசலுக்கு ஒரே சாவி இருந்தது, அவர் இரண்டாவது சாவி செய்தார். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு ஒரு குடையும் கொடுத்தது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது. தலைவர் சிறைக்குள் போன பிறகு கம்பெனி எத்தனை நாள் தாங்கும்? 1911இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். அந்த மணியாச்சியும், தூத்துக்குடிக் கிளைக்காக உண்டான ஜங்ஷன்தான்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து வந்தது ஊருக்குப் பெரிய அடி, அதுவும் ஊருக்குள் நடந்த எதனாலும் அல்ல. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சின்னக் கடல் பயணம், மறுபடி ரயில். இரவு முழுக்கக் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு கொழும்பு போக யாருக்கு ஆசை? போட் மெயில் வடக்கே திரும்பிவிட்டது. எங்கோ தொலைவில் கட்டிய ஒரு பாலம் இந்த ஊரின் பயணிகளை ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டு போனது. சரக்கு மட்டும் மிஞ்சியது.

தெற்கே இன்னொரு சின்னக் கதை. உடன்குடி, திசையன்விளைப் பக்கம் பனைதான் செல்வம். கருப்பட்டியைக் குலசேகரப்பட்டினத்து ஆலைக்குக் கொண்டுவர பாரி கம்பெனி ஒரு குட்டி ரயில் விட்டது. இரண்டடி அகலத் தண்டவாளம். திசையன்விளையிலிருந்து குலசை வழியாகத் திருச்செந்தூர் வரை ஜனங்களையும் ஏற்றிக்கொண்டு ஓடியது. 1940இல் அது நின்றது. ஆலைக்காக வந்த ரயில் ஆலையோடு போய்விட்டது. ஏறிப் பழகிய ஜனங்களைக் கேட்டா எடுத்தார்கள்? அந்தக் குலசேகரப்பட்டினத்தில்தான் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். திசையன்விளைக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது.

ஆழ்கடல் துறைமுகம் வேண்டும் என்ற பேச்சு நெடுநாளையது. 1955இல் அமைத்த ஏ. ராமசாமி முதலியார் குழு, சேதுசமுத்திரக் கால்வாயையும் தூத்துக்குடித் துறைமுகத்தையும் சேர்த்தே பார்க்கச் சொன்னது. கால்வாய் வரவில்லை. 2005இல் மதுரையில் தொடங்கி வைத்துத் தோண்டினார்கள், வழக்கில் நின்றது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. துறைமுகம் வந்தது. 1964 நவம்பரில் லால் பகதூர் சாஸ்திரி அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதம் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஐம்பது வருஷம் முன்னால் எங்கள் பயணிகளைக் கொண்டுபோன அந்த ஊர் தரைமட்டமாக, இங்கே கடலுக்குள் கல் கொட்ட ஆரம்பித்தார்கள்! கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்திருந்தது. ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கிய இடைவெளி மூன்றே வருஷம்.

பழைய துறைக்குத் தெற்கே, முயல் தீவை ஒட்டி, கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியது போல அலைத்தடுப்புச் சுவர்கள். வடக்குச் சுவர் சுமார் 4,100 மீட்டர், தெற்குச் சுவர் சுமார் 3,870 மீட்டர், நடுவே 1,275 மீட்டர் தண்ணீர். நம் இன்ஜினீயர்களே வடிவமைத்துக் கட்டியது. 1974 ஜூலை 11இல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள். ஸ்பிக் உர ஆலையும், கனநீர் ஆலையும், 210 மெகாவாட் யூனிட் ஐந்து கொண்ட அனல் மின் நிலையமும் பக்கத்திலேயே வந்தன. 1990களில் அகல ரயில் பாதை. 1992இல் வாகைக்குளத்தில் விமான நிலையம். நூற்றாண்டின் கடைசியில் கன்டெய்னர் டெர்மினல்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பில் ஆஃப் லேடிங்கோடு வாழ்ந்தவன். கன்டெய்னர் வந்த பிறகு ஊர் மாறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முன்பு திருப்பூர் பனியனும் சிவகாசிச் சரக்கும் பெட்டி பெட்டியாக லாரியில் வந்து கிட்டங்கியில் இறங்கும். அப்புறம் ட்ரெய்லரே நேராக உள்ளே போகத் தொடங்கியது. மதுரை ரோட்டிலும் திருநெல்வேலி ரோட்டிலும் ட்ரெய்லர் வரிசை. நான்கு வழிச்சாலை வந்தது, டோல்கேட் வந்தது. வல்லநாட்டில் தாமிரபரணி மேல் கட்டிய புதுப் பாலத்தின் தளத்தில் ஓட்டை விழுந்து, பழுது பார்க்கிறோம் என்று ஒரே பக்கம் வண்டி விட்ட கூத்தையும் பார்த்தோம்.

சுற்றிலும் உப்பளம். கிழக்கே கடல். ஊர் விரிய வேண்டுமானால் மேற்கேதான் போக வேண்டும். அங்கே குளங்கள், ஓடைகள். ஒவ்வொரு புது ரோடும் மேடு போட்டு உயர்த்தப்பட்ட ரோடு. மழைத் தண்ணீர் வழக்கமாகப் போன வழியைக் குறுக்கே கடக்கிற இடத்தில் எத்தனை கண் பாலம் வைக்க வேண்டும் என்ற கணக்கு, சரக்கு லாரிக் கணக்கு அளவுக்குக் கவனமாகப் போடப்படவில்லை என்பதை 2023 டிசம்பர் காட்டிவிட்டது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கோரம்பள்ளம் குளம் உடைந்து ஊருக்குள் வந்தது. திருநெல்வேலி ரோடு துண்டிப்பு. ஏரல் பாலம் போனது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்து, கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்கியதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள். பெருந்துறைமுகம், விமான நிலையம், நான்கு வழிச்சாலை எல்லாம் இருக்கிற ஊர், மூன்று நாள் பாலுக்கும் தண்ணீருக்கும் தவித்தது.

இப்போது வெளித் துறைமுகம் வருகிறது. 7,000 கோடி ரூபாய்க்கு மேலான திட்டம், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. 2025 ஜூலையில் விமான நிலையத்தின் புது முனையமும் திறந்தாயிற்று. அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் போகும் புது ரயில் பாதையில் மீளவிட்டான் – மேலமருதூர் பகுதி மட்டும் முடிந்து நிற்கிறது. கொழும்புக்குப் பயணிகள் கப்பல் 2011 ஜூனில் ஆரம்பித்து, அந்த ஆண்டே நின்றுபோனது. ஆறு மாதம்கூட ஓடவில்லை.

வெளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர்கள் எந்த வழியாகப் போகும், எத்தனை ரயில் தண்டவாளம் வேண்டும் என்று வரைபடம் போடுகிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது இரண்டு மூன்று விஷயம்தான். முதலாவது, உப்பாற்று ஓடையும் கோரம்பள்ளம் வாய்க்காலும் அந்த வரைபடத்தில் இருக்கின்றனவா? அடுத்து, ரெண்டாம் கேட் மூடியிருக்கும்போது அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றால் என்ன ஏற்பாடு? கடைசியாக, பழைய துறைமுகத்தில் வெங்காயமும் காய்கறியும் சிமென்ட்டும் ஏற்றிக்கொண்டு இன்னும் மாலத்தீவுக்குப் போய்வருகிற தோணிகளுக்கு அந்தப் படத்தில் ஒரு மூலையாவது ஒதுக்கியிருக்கிறார்களா? பாய்மரத்தை விட்டு இன்ஜினுக்கு மாறித் தப்பித்தவை அவை. இப்போது கட்டுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.