வாங்கும் வெறுந்தரையும்
யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனம்

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்லூரிகள் தோன்றிய ஆண்டுகளையும், அவற்றைத் தாபித்த பெரியோரையும், பரீட்சைச் சித்திகளையும் எடுத்துரைப்பர். வகுப்பறையினுள்ளே எந்தப் பிள்ளை வாங்கில் இருந்தது, எந்தப் பிள்ளை வெறுந்தரையில் இருந்தது என்னும் வினா அவ்வரலாறுகளிற் பெரிதும் இடம்பெறுவதில்லை. ஆயினும் இவ்வினாவையொட்டி 1930 ஆம் ஆண்டளவிற் குடாநாட்டில் எழுந்த கிளர்ச்சி சிறிதன்று. சமூகத்தால் ஒதுக்கப்பட்ட பிள்ளையொன்றைப் பாடசாலை எங்ஙனம் தாங்கிக்கொள்ளும், எவ்விடத்திற் கைவிடும் என்பதை அறிய விரும்புவார்க்கு அக்கிளர்ச்சியைப் போலத் தெளிவான சான்று வேறொன்று நம் நாட்டில் இல்லை எனலாம்.

அதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கிடக்கின்றது. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும், அடுத்த ஆண்டில் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். அவர்தம் கொள்கை சாதி வேற்றுமைக்கு இடந்தராதது. ஆயினும் தொடக்க காலத்து மாணவர் மிஷன் வளவினுள் உணவுகொள்ள இசையாராக, வளவுக்குப் புறத்தே சமைத்து உண்ணுதற்கு இடங்கொடுக்க நேர்ந்தது. கொள்கை ஒருபுறமாகவும், சோற்றுப்பானை மற்றொரு புறமாகவும் நின்றன. பின்னர் 1847 இல் யாழ்ப்பாண நகரத்து வெஸ்லியன் பாடசாலையிலே, ஒடுக்கப்பட்ட குலத்து மாணவன் ஒருவனைப் பேர்சிவல் பாதிரியார் சேர்த்துக்கொண்டபோது, உயர்குலத்தவரெனப்பட்ட மாணவர் பலர் அப்பாடசாலையை விட்டு நீங்கினர். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது மறு ஆண்டிலேயாம். நாவலரின் முயற்சிக்கு வேறு பல பெருங்காரணங்கள் உண்டு. அதனை இச்சம்பவத்தோடு மாத்திரம் பிணைத்தல் நேர்மையாகாது. எனினும் ஒரு பிள்ளை வகுப்பினுள் வந்தவுடன் ஏனையோர் எழுந்து போகும் வழக்கம் அன்றே அறிமுகமாயிற்று.

இவ்வழக்கம் ஏன் அத்துணை வலிமை பெற்றது என்பதற்கு நன்கொடை முறையை நோக்குதல் வேண்டும். அக்காலத்துப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷன்களாலும் சைவ சபைகளாலும் தனிப்பட்டோராலும் நடத்தப்பட்டன. முகாமை அவர்களுடையது, பணமோ பெரும்பாலும் அரசாங்கத்தினது. பிள்ளைகளின் வரவுத் தொகையைப் பொறுத்தே நன்கொடையும் ஆசிரியர் தொகையும் அமைந்தன. ஆகவே ஒரு கிராமத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளை மறித்து வைப்பாராயின், அடுத்த கணக்கெடுப்பில் ஓர் ஆசிரியரின் வேலையே போய்விடவுங் கூடும். ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு அத்தகைய ஆயுதம் ஒன்றும் இல்லை. அவர்தம் பிள்ளைகள் ஐவர் வாராதொழிந்தால் வரவு இடாப்பிற் பெருங்குறை தோன்றாது. முகாமைக்காரர் பலர் மனத்தாற் கொடியவரல்லர், கணக்குப் பார்த்தவர். கணக்கின் விளைவாகவே, சேர்க்கப்பட்ட பிள்ளை நிலத்திலும் மற்றையோர் வாங்கிலுமாக இருத்தப்பட்டனர். சிலவிடங்களில் அப்பிள்ளைகள் வகுப்பறைக்குப் புறத்தே இருந்து பாடங் கேட்டதும் உண்டு.

இந்நிலைமையை வெளிப்படையாக எதிர்த்த முதற் பேரியக்கம் இளைஞருடையது. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹண்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடியாக விளங்கினார். தீண்டாமை ஒழிப்பு அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. சமபந்தி உணவை அதன் உறுப்பினர் தாமே நடத்திக் காட்டினர். அவர்களின் அழைப்பையேற்று 1927 நவம்பரிலே காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அடிகளின் உரைகளைக் கேட்கத் திரண்ட கூட்டத்தார் கதருக்கு மனமுவந்து பணமளித்தனர். அப்பெருங் கூட்டத்தவரின் ஊர்களிலேயே வெறுந்தரையில் இருந்து படித்த பிள்ளைகளும் இருந்தனர் என்பதை மறத்தற்கில்லை.

இக்காங்கிரசைச் சேர்ந்தோர் பலர் ஆசிரியராய் இருந்தமை தனியே நோக்கற்பாலது. பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்பித்தவர். ஒறேற்றர் சுப்பிரமணியம் சுன்னாகம் ஸ்கந்தவரோதயக் கல்லூரியின் அதிபராய் விளங்கியவர். மேடையிற் பேசிவிட்டு வீடு செல்லும் அரசியலாளர் போலன்றி, மறுநாட் காலையில் அவர்கள் வகுப்பறைக்குட் செல்லவேண்டியவராய் இருந்தனர்.

1930 ஆம் ஆண்டை அண்டி, நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டுமென வித்தியா பகுதியார் பணித்தனர். பணம் தருவோர் விதித்த விதியாதலின் முகாமைக்காரர் அதனை எளிதிற் புறக்கணிக்க இயலவில்லை. எதிர்ப்பு உடனே கிளம்பிற்று. விண்ணப்பங்கள் எழுதப்பட்டன, பிள்ளைகள் மறிக்கப்பட்டனர், கிடுகால் வேய்ந்த பாடசாலைக் கொட்டில்கள் சில இரவோடிரவாக எரியூட்டப்பட்டன. வாங்குகளைக் கொடுத்தற்கு மனமில்லாத சிலவிடங்களில், எல்லாப் பிள்ளைகளையும் நிலத்தில் இருத்திச் சமத்துவம் நிலைநாட்டப்பட்டதாகக் காட்டவும் முற்பட்டனர். விதியின் சொல்லுக்கு இஃது இணங்கியதே. அதன் கருத்து எங்கே போயிற்று என்பதை அவரவரே அறிவர்.

இப்பூசலில் மிக்க விலை கொடுத்தவர் யாவர்? வாங்கிலேறி இருந்த பிள்ளையின் தந்தை பிறருடைய தோட்டத்திற் கூலிக்கு நின்றவர், அல்லது பிறருடைய பனையிற் சீவித் தொழில் செய்தவர். குடியிருந்த நிலமும் பெரும்பாலும் அவருடையதன்று. குடிநீருக்கும் அயலார் கிணற்றடியிற் காத்து நிற்றல் வேண்டும். பிள்ளை ஓரடி உயரத்தில் அமர்ந்தமைக்காகத் தந்தை தொழிலை இழக்கவும், குடி எழும்பவும் நேரலாம் என்னும் அச்சம் வீட்டினுள்ளே எந்நாளும் இருந்தது. பிள்ளையைத் தாமாகவே மறித்துக்கொண்ட பெற்றோரை, கல்வியின் அருமை அறியாதார் என அக்காலத்துச் சிலர் இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சி பொருந்தாது. கல்வியின் விலையை அவரினும் நுணுக்கமாக அறிந்தார் வேறு எவருமில்லை.

பிறநாட்டு நிகழ்ச்சிகளோடு ஒப்புநோக்கின் இக்கதையிற் புதுமை குறைவு. தமிழகத்திலே வ. வே. சு. ஐயர் தேசியக் கல்விக்கென நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டமை பற்றி 1924, 1925 ஆம் ஆண்டுகளில் எழுந்த பிணக்குக் காங்கிரசையே உலுக்கியது. அமெரிக்காவில் 1954 இல் உயர் நீதிமன்றம் நிறப் பிரிவினைப் பாடசாலைகள் சட்டத்துக்கு மாறானவை எனத் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுகளின் பின்னர், நியூ ஓர்லியன்ஸ் நகரிலே றூபி பிறிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பாடசாலையொன்றிற் சேர்ந்தபோது, ஏனைய பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை ஒருவர் அச்சிறுமி ஒருத்தியையே வகுப்பாகக் கொண்டு அவ்வாண்டு முழுவதும் கற்பித்தார். நீதிமன்றத்தின் தீர்ப்பு அச்சிறுமியை வாயிலளவிற் கொண்டுவந்து விட்டது. அதற்கப்பால் நாளாந்தம் அவளோடு இருந்தவர் அவ்வாசிரியையே.

ஆசிரியர் ஒருவரின் மனநிலை பிள்ளையின் வாழ்வை மறுபுறமாகத் திருப்பியதற்கும் யாழ்ப்பாணத்திற் சான்றுண்டு. 1927 இற் பிறந்த டொமினிக் ஜீவா, சாதியைச் சுட்டி ஆசிரியர் சொன்ன இழிசொல்லாற் புண்பட்டு ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டு நீங்கினார். சிகையலங்கரிப்புத் தொழில் செய்தபடியே எழுதக் கற்ற அவர், 1966 இல் 'மல்லிகை' என்னும் சஞ்சிகையைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினார். ஈழத்து இலக்கியம் அவரை இழக்கவில்லை, பாடசாலை இழந்தது. அவரைப் போல் வெளியேறி, அவரைப் போல் எழுத்தை அடையாதோர் எத்துணையர் என்பதை எந்த இடாப்பும் காட்டாது.

1931 இல் வந்த சர்வசன வாக்குரிமையும், 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் நிலைமையை மெல்ல மாற்றின. கட்டணம் நீங்கியதும் வாயில் அகன்றது. எனினும் வறுமை நீங்கவில்லை. கொக்குவிலை எடுத்துக்கொள்வோம். சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரிலே, பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது சுருட்டுக் கொட்டில்களாலேயாம். சிறுவர் சிலர் எழுத்தறிவு முற்றுமுன்னரே அக்கொட்டில்களுக்குட் புகுந்தனர். சுருட்டுச் சுற்றுவோர் கைவேலையிலிருக்க, ஒருவர் பத்திரிகையையோ கதையையோ உரத்து வாசிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக் கொட்டில்களில் இருந்தது. பாடசாலை கைவிட்டவனுக்கு ஊர் தானாகவே அமைத்துக் கொடுத்த வகுப்பு அது; கேட்டு அறிந்தவை மிகுதி, எனினும் அதற்குச் சான்றிதழ் இல்லை.

இவ்வூரில் 1910 இல் தோன்றிய இந்துக் கல்லூரிக்கு, 1949 முதல் 1960 வரை அதிபராய் இருந்தவர் முற்கூறிய ஹண்டி பேரின்பநாயகமே. கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவரை இந்துக் கல்லூரியொன்று தலைவராக ஏற்றதும், கால் நூற்றாண்டுக்கு முன் தீண்டாமைக்கு எதிராக இளைஞரைத் திரட்டியவரிடமே அனுமதிப் புத்தகம் ஒப்படைக்கப்பட்டதும் சிறிய செய்திகளல்ல. வெளியிலிருந்து விதியை வேண்டிய தலைமுறை, இப்போது விதியை நடத்தும் இடத்தை அடைந்திருந்தது.

இதற்கிடையில், ஒடுக்கப்பட்ட மக்கள் பிறர் வந்து தம்மை இருத்துவர் என்று காத்திருக்கவில்லை. 1940 களில் உருவான அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை அவர்தம் குரலாயிற்று. 1956 இன் பின்னர் வி. தகநாயக்கா கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், மகாசபையினர் எம். சி. சுப்பிரமணியம் முதலியோரின் முயற்சியால் தம் குடியிருப்புகளை அண்டி அரசாங்கப் பாடசாலைகள் பலவற்றைப் பெற்றனர். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாகப் பாடசாலை அனுமதி மறுத்தலையும் குற்றமாக்கியது. 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றின் முகாமை அரசாங்கத்திடம் சென்றதோடு, முகாமைக்காரரின் பழைய கணக்கும் முடிவுற்றது.

குடியிருப்பை அண்டிய புதிய பாடசாலைகள் பற்றி அன்றும் இன்றும் இருவகைக் கருத்துண்டு. தனிப் பாடசாலை பிரிவினையை நிலைப்படுத்தும் என்பர் ஒருசாரார். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் தூரத்துப் பெரிய கல்லூரியின் வாங்கைக் கேட்டு அலைந்த பிள்ளை, அருகிருந்த சிறிய பாடசாலையில் அச்சமின்றி முன் வரிசையில் இருந்தது. தன் இனத்தவர் ஒருவர் ஆசிரியராய்க் கரும்பலகையருகே நிற்பதையும் சிலவிடங்களிற் கண்டது. அங்கிருந்து கலாசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சென்றோர், பின்னாளிற் பெரிய கல்லூரிகளுக்கே ஆசிரியராக வந்தனர். பிரிவினை என்னும் குற்றச்சாட்டை அளந்து பார்ப்போர் இவ்வருகையையும் அதே தராசில் இடுதல் வேண்டும்.

நிலமில்லாமை என்னும் பழைய வினா மாத்திரம் வேறு வடிவில் மீண்டது. 1990 இற் போரினால் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த மக்களுட் காணியும் செல்வமும் உடையோர் காலப்போக்கில் வேறிடங்களிற் குடிபுகுந்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கோணாப்புலம், சபாபதிப்பிள்ளை முதலிய நலன்புரி முகாம்களில் எஞ்சியோருட் பெரும்பாலார், திரும்பிச் செல்வதற்குச் சொந்தக் காணியில்லாத குடும்பத்தினர். அவர்தம் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல் 1980 இலிருந்தும் சீருடைத் துணி 1993 இலிருந்தும் நாடெங்கும் நடைமுறையில் இருந்தமையால், வகுப்பறையில் உடையாலும் நூலாலும் அவர்களை வேறு பிரித்தறிய வழியில்லை. வரவு இடாப்பில் முகவரி எழுதும் நிரலில் மட்டும், வீட்டுப் பெயருக்குரிய இடத்தில் முகாமின் பெயர் இருந்தது.