கேன்சரில் இருந்து மீண்டவர்கள் ரத்த தானம் செய்யலாமா? கண் தானம், உறுப்பு தானம் முடியுமா? முழு விவரம்

படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் தொழிற்சாலைகளில் ரத்த தான முகாம் புதுசு இல்லை. கேன்டீன் பக்கத்து ஹாலில் நாலு கட்டில் போட்டிருப்பார்கள். ஷிப்ட் முடிந்து வருபவர்கள் வரிசையில் நிற்பார்கள். கொடுத்து முடித்ததும் ஜூஸ், பிஸ்கட், ஒரு சான்றிதழ்.

அந்த வரிசையில் சில வருடங்களுக்கு முன் கேன்சர் சிகிச்சை முடித்த ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நல்லா இருக்கிறார், நைட் ஷிப்ட் கூட பார்க்கிறார். "அன்னைக்கு யாரோ கொடுத்த ரத்தத்துலதான் நான் பிழைச்சேன், அதைத் திருப்பிக் கொடுக்கணும்" என்பது அவர் எண்ணம். கையில் ஒரு படிவம் வருகிறது. அதில் 'புற்றுநோய் இருந்ததா?' என்று ஒரு கேள்வி. உண்மையைச் சொல்வதா, 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போவதா?

முதலில் சுருக்கமான பதில்:

• ரத்த தானம்: இந்தியாவில் முடியாது. எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் முடியாது.
• கண் தானம்: பெரும்பாலானவர்களால் முடியும்.
• உறுப்பு தானம்: பதிவு செய்யலாம். எடுப்பதா வேண்டாமா என்பதை அந்த நேரத்தில் டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.
• உடல் தானம்: பதிவு செய்யலாம். ஏற்பது மருத்துவக் கல்லூரியின் முடிவு.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ரத்தம் கொடுக்க ஏன் தடை?

யார் ரத்தம் கொடுக்கலாம் என்பதற்கு தேசிய ரத்தமாற்று கவுன்சில் 2017-ல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி புற்றுநோய் வந்தவர்கள் நிரந்தரமாக ரத்த தானம் செய்யக்கூடாது. எந்த வகை, எந்த ஸ்டேஜ், குணமாகி எத்தனை வருடம் என்ற வித்தியாசம் அதில் இல்லை.

இதற்கு 2 காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, கொடுப்பவரின் நலன். கீமோதெரபி, கதிர்வீச்சு சிகிச்சை இரண்டுமே ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியவை. வெளியில் தெம்பாகத் தெரிந்தாலும், ஒரே நேரத்தில் 350 மில்லி ரத்தத்தை இழப்பது அந்த உடம்புக்குச் சுமையாகலாம்.

இரண்டாவது, வாங்குபவரின் பாதுகாப்பு. முகாமில் எடுக்கும் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய 5 தொற்றுகளுக்குச் சோதிக்கப்படுகிறது. ஆனால் கேன்சர் செல் இருக்கிறதா என்று ரத்தப் பையைச் சோதிக்கும் வழக்கம் கிடையாது. அந்த இடத்தில் இருக்கும் ஒரே வடிகட்டி, படிவத்தில் நீங்கள் சொல்லும் பதில்தான்.

வெளிநாட்டில் கொடுக்கலாமாமே?

உண்மைதான். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் விதிப்படி, பல வகை கேன்சர்களில் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் வரை நோய் திரும்பவில்லை என்றால் ரத்தம் கொடுக்கலாம். பெரியவர்களான பிறகு லுகேமியா, லிம்போமா போன்ற ரத்தப் புற்றுநோய் வந்திருந்தால் அங்கேயும் முடியாது. பிரிட்டனில் விதி கடுமை. சில தோல் புற்றுநோய்கள் போன்ற சில விலக்குகளைத் தவிர, கேன்சர் வந்தவர்களிடம் அங்கே ரத்தம் வாங்குவதில்லை.

ஆக, இது நாட்டுக்கு நாடு மாறும் எச்சரிக்கை அளவு. 'உங்கள் ரத்தம் கெட்ட ரத்தம்' என்று யாரும் சொல்லவில்லை.

கேன்சர் என்று தெரிவதற்கு முன்பே ரத்தம் கொடுத்திருந்தால்?

பலரையும் உறுத்தும் கேள்வி இது. "போன வருஷம்தான் கம்பெனி முகாம்ல கொடுத்தேன். இப்போ கேன்சர்னு சொல்றாங்க. என் ரத்தம் வாங்கினவங்களுக்கு வந்துடுமா?"

இதற்கு ஆறுதலான பதில் இருக்கிறது. ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் ரத்தம் ஏற்றிக்கொண்ட 3.5 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளை ஆராய்ந்து, 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் சுமார் 12 ஆயிரம் பேர், பின்னாளில் கேன்சர் கண்டறியப்பட்டவர்களின் ரத்தத்தைப் பெற்றவர்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, இவர்களுக்கு கேன்சர் ஆபத்து அதிகரித்ததாகத் தெரியவில்லை.

எனவே பழசை நினைத்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம். அதற்காக, தெரிந்த பிறகு மறைத்துவிட்டுக் கொடுப்பதும் சரியல்ல.

கட்டி எடுத்தவர்கள் எல்லோருக்கும் தடையா?

இல்லை. கேன்சர் அல்லாத சாதாரணக் கட்டிக்கு ஆபரேஷன் செய்திருந்தால், பெரிய ஆபரேஷன் என்றால் 12 மாதம், சின்ன ஆபரேஷன் என்றால் 6 மாதம் காத்திருந்தால் போதும். உங்களுக்கு எடுத்தது எந்தக் கட்டி என்பது பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கும். சந்தேகம் இருந்தால் அதை எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு கேன்சர் என்பதற்காக மற்றவர்களுக்குத் தடை கிடையாது. கேன்சர் தொற்றுநோய் இல்லை. மனைவிக்கு கேன்சர் என்றாலும் கணவர் தாராளமாக ரத்தம் கொடுக்கலாம்.

உறுப்பு தானத்தில் மட்டும் ஏன் வேறு கணக்கு?

ரத்தம் கொடுக்க நாட்டில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒருவர் முடியாது என்றால் அடுத்தவர் வருவார். இதயம், கல்லீரல், சிறுநீரகம் அப்படி இல்லை. காத்திருப்பவர்கள் அதிகம், கிடைப்பது குறைவு. உறுப்பு கிடைக்காமலே இறந்துபோகும் ஆபத்தையும், கேன்சர் பரவும் ஆபத்தையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு எடுப்பார்கள்.

இறக்கும் நேரத்தில் உடலில் கேன்சர் இருந்தால், அது பரவியிருந்தால், பொதுவாக உறுப்புகளை எடுக்க மாட்டார்கள். ரத்தப் புற்றுநோய், மெலனோமா போன்றவற்றுக்கும் பெரும்பாலும் 'நோ'தான். மண்டை ஓட்டைத் தாண்டிப் பரவாத சில மூளைக் கட்டிகள், முழுசாக அகற்றப்பட்ட சில தோல் புற்றுநோய்கள், குணமாகிப் பல வருடங்கள் ஆன சில வகைகள் என்றால் பரிசீலிப்பார்கள்.

இவ்வளவு கவனம் ஏன்? உறுப்பு பெற்றவர், புது உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்க நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். உறுப்போடு சில கேன்சர் செல்கள் போனால்கூட, அவற்றை அழிக்க வேண்டிய படை அங்கே அடக்கி வைக்கப்பட்டிருக்கும்.

ஐரோப்பாவில் 2007-ல் இறந்த 53 வயதுப் பெண் ஒருவரின் உறுப்புகள் தானமாகத் தரப்பட்டன. அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது யாருக்கும் தெரியாது. உறுப்பு பெற்றவர்களில் 4 பேருக்கு அது பரவியது, 3 பேர் இறந்தார்கள். 2018-ல் மருத்துவ இதழில் இந்தச் சம்பவம் வெளியானது. இது மிக மிக அபூர்வம். ஆனாலும், பழைய நோய் விவரத்தை ஏன் மறைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

கண் தானம் செய்யலாம் என்பது எப்படி?

தானமாகப் பொருத்தப்படுவது கண்ணின் முன்பக்கம் இருக்கும் கார்னியா என்ற கருவிழிப் படலம். அதில் ரத்தக் குழாய்கள் கிடையாது. அதனால் உடம்பின் வேறு இடத்தில் இருக்கும் கேன்சர் அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு மிகக் குறைவு. மார்பகம், வயிறு, கர்ப்பப்பை வாய் என எந்த இடத்துக் கேன்சரில் இறந்தாலும் பெரும்பாலும் கண்களைத் தரலாம். லுகேமியா, லிம்போமா போன்ற ரத்தப் புற்றுநோய்களும், கண்ணிலேயே வரும் சில கட்டிகளும் விதிவிலக்கு. கண்ணாடி போட்டவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும் தரலாம்.

இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையாவின் முயற்சியால் தொடங்கியது. அதனால் இது தமிழ்நாட்டுக்குப் பழக்கமான தானம்தான்.

இதயம், சிறுநீரகம் போன்றவற்றைப் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவர்களிடம் இருந்து, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் எடுக்க முடியும். கண்ணை வீட்டில் இறந்தாலும் எடுக்கலாம். ஆனால் 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். குடும்பத்தினர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. உடனே அருகில் உள்ள கண் வங்கிக்கு போன் செய்ய வேண்டும்.
2. இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைக்க வேண்டும்.
3. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.
4. தலையை ஒரு தலையணை உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும்.

முகம் விகாரமாகிவிடும் என்ற பயம் தேவையில்லை. சில நிமிடங்களில் முடியும் வேலை அது.

பதிவு செய்வது எப்படி?

தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தை 'டிரான்ஸ்டான்' எனப்படும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் ஒருங்கிணைக்கிறது. தேசிய அளவில் 'நோட்டோ' அமைப்பின் இணையதளத்தில் ஆதார் மூலம் பதிவு செய்யலாம். பதிவு செய்ய மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. கேன்சர் வந்தவர் என்பதற்காகப் பதிவை நிராகரிப்பதும் இல்லை.

ஆனால் கார்டு இருந்தாலும், கடைசி நேரத்தில் கையெழுத்துப் போட வேண்டியது குடும்பம்தான். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் 2008 செப்டம்பரில் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, டாக்டர்களான அவருடைய பெற்றோர் அசோகன் - புஷ்பாஞ்சலி சொன்ன 'சரி' என்ற வார்த்தைதான் தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தைப் பேசுபொருளாக்கியது. உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

எனவே பதிவு செய்த கையோடு வீட்டில் சொல்லிவிடுங்கள். சிகிச்சை ஃபைலையும் பத்திரமாக வையுங்கள். என்ன கேன்சர், எந்த ஸ்டேஜ், எப்போது சிகிச்சை முடிந்தது என்று டாக்டர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கம்பெனி முகாமில் என்ன செய்வது?

• படிவத்தில் மறைக்காதீர்கள். எல்லார் முன்னாலும் சொல்லத் தயக்கமாக இருந்தால், டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம். நீங்கள் சொல்வதை ரத்த வங்கி ரகசியமாக வைக்க வேண்டும். சூப்பர்வைசருக்கோ எச்.ஆர்.-க்கோ காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

• திருப்பி அனுப்பப்படுவது உங்களை மட்டும் இல்லை. 12.5-க்குக் கீழ் ஹீமோகுளோபின் இருப்பவர்கள், 45 கிலோவுக்குக் குறைவானவர்கள், நைட் ஷிப்ட் முடித்துச் சரியாகத் தூங்காமல் வந்தவர்கள் என்று பலரையும் அனுப்பிவிடுவார்கள்.

• உங்களுக்குப் பதில் ஒருவரை அழைத்து வாருங்கள். கீமோ எடுக்கும் நோயாளிகளுக்கு அடிக்கடி தேவைப்படும் பிளேட்லெட்டை 5 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை ஆனாலும், அடையாறு ஆனாலும் யாராவது ஒருவர் புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "எனக்கு அன்னைக்கு இது கிடைச்சதாலதான் இன்னைக்கு உங்ககூட லைன்ல நிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், பக்கத்தில் தயங்கி நிற்பவர் படிவத்தை வாங்கிவிடுவார்.

உங்கள் நோயின் வகையைப் பொறுத்துப் பதில் மாறலாம். அடுத்த முறை செக்-அப் போகும்போது, "நான் எதையெல்லாம் தானம் செய்யலாம்?" என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.