பாதத்தில் ஏறிப் பாலில் இறங்கும் புழு

புளியங்குடியின் மேற்கே மலையடிவாரம் நோக்கிப் போனால் எலுமிச்சைத் தோப்புகள். தோப்புக்கு ஒரு கிணறு, ஒரு மோட்டார் ரூம், ஒரு காவல் நாய் என்பது கணக்கு. பெரும்பாலும் நாட்டு நாய். கொஞ்சம் கெத்தான ஆள் என்றால் சிப்பிப்பாறை அல்லது கன்னி. விடியற்காலையில் அது மரத்தடிப் பாத்தி ஓரமாக வெளிக்கிருந்துவிட்டு, பின்னங்காலால் மண்ணை ரெண்டு தள்ளு தள்ளிவிட்டுப் போகும். குடலில் கொக்கிப்புழு இருக்கிற நாயானால், அந்த ஒரு தடவையில் மண்ணுக்கு வந்து சேர்பவை ஆயிரக்கணக்கான முட்டைகள். ஆன்சைலோஸ்டோமா கேனைனம் என்கிற நாய்க் கொக்கிப்புழுவில் ஒரே ஒரு பெண்புழு ஒரு நாளைக்கு 10,000 முட்டைக்கு மேல் இடும். ஒரு மில்லிமீட்டருக்குள் 16 முட்டைகளை நீளவாக்கில் வரிசையாக நிறுத்திவிடலாம். அவற்றில் ஒன்று என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

வெட்டவெளியில் விழுந்திருந்தால் அதன் ஆயுள் அன்றைக்கே முடிந்திருக்கும். சித்திரை வெயிலில் காய்ந்த தரையில் அது தப்பாது. எலுமிச்சை மரத்தடி அப்படியல்ல. தரையைத் தொடுகிற கிளைகள், பகல் முழுக்க நிழல், முறை தவறாத தண்ணீர், மணல் கலந்த செவல்மண். ஆனி ஆடியில் குற்றாலம் பக்கம் சாரல் பிடித்தால் இங்கேயும் காற்று குளிர்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. ஆக, வருஷத்துக்கு இரண்டு போகம் அதற்கு.

ஓரிரு நாளில் முட்டை பொரிந்துவிடும். வெளியே வந்த குஞ்சுப்புழு சாணத்திலுள்ள பாக்டீரியாவைத் தின்று வளர்ந்து இரண்டு முறை சட்டை உரிக்கும். இரண்டாவது சட்டையை மட்டும் கழற்றிப் போடாது, அதையே போர்த்திக்கொள்ளும். வாயும் அதற்குள் அடைபட்டுப் போவதால் அதற்குமேல் சாப்பாடு கிடையாது. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை வைத்துக்கொண்டு சில வாரம் ஓட்ட வேண்டும். இதெல்லாம் நடக்க ஒரு வாரம் போதும். இப்போது அதன் நீளம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஈரமான மண்பருக்கையின் உச்சியிலோ புல்நுனியிலோ ஏறிக் காத்திருக்கும். உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பக்கத்தில் வந்தால் நெளிய ஆரம்பிக்கும்.

அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் என்பதை முதலில் கண்டவர் கெய்ரோவில் வேலை பார்த்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர். 1890-களின் கடைசியில், மனிதக் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருந்த நீர் ஒரு சொட்டு தவறி அவர் கையில் விழுந்தது. அந்த இடம் அரித்துச் சிவந்தது. தண்ணீரில் பார்த்தால் புழுக்களைக் காணவில்லை. வெறும் சட்டைகள்தான் கிடந்தன. பிறகு அவருடைய மலத்திலேயே முட்டைகள் வந்தன. பலர் நம்பவில்லை. இதே லூஸ்தான் 1911-ல் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றின் குடலிலிருந்து எடுத்த புழுவுக்கு ‘சிலானிகம்’ என்று பெயர் வைத்தவர். இரண்டே வருஷத்தில், 1913-ல், கிளேட்டன் லேன் என்ற ஆங்கில மருத்துவ அதிகாரி வங்காளத்தில் அந்தப் புழுவை மனிதக் குடலிலும் கண்டார். நாய், பூனை, மனிதன் என்று மூவருடைய குடலிலும் குடித்தனம் நடத்தக்கூடிய கொக்கிப்புழு அதுதான்.

நம் தோப்பு நாய்க்கு வருவோம். அது குளிர்ச்சிக்காகப் பாத்தியில் படுக்கிறது. விரலிடுக்கில் புழு நுழைகிறது. அரிப்பெடுத்து நாய் பாதத்தை நக்கினால் இன்னும் நாலு புழு வாய்வழியாகவே போய்விடும். தோல்வழி போனது இரத்தத்தில் கலந்து இதயத்தைக் கடந்து நுரையீரலுக்கு வரும். அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறும், நாய் விழுங்கும். இரண்டு மூன்று வாரத்தில் சிறுகுடலில் பெரிய புழுவாகி, வாயிலுள்ள மூன்று ஜோடிப் பற்களால் குடல்சுவரைக் கவ்விக்கொள்ளும்.

கவ்வுவதோடு விடாது. இரத்தம் உறையாமலிருக்கச் சில புரதங்களைச் சுரக்கும். கொஞ்ச நேரத்தில் கடித்த இடத்தை விட்டு அடுத்த இடத்துக்கு நகரும். பழைய புண் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். குடித்ததும் ஒழுகியதுமாக ஒரு புழுவால் நாளைக்கு 0.1 மில்லி இரத்தம் வரை போகும். கொக்கிப்புழு இருக்கிற நாயின் மலம் தார் மாதிரிக் கறுத்திருப்பது இதனால்தான். அந்தப் புரதங்களை 1990-களில் பிரித்தெடுத்தார்கள். மனிதர்களுக்கு இரத்தக்கட்டைத் தடுக்கும் மருந்தாகுமா என்று பார்த்தார்கள். எபோலா வந்த குரங்குகளுக்குக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். நாயைக் கொல்கிற சரக்கில் மனிதனுக்கு மருந்து தேடும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

எல்லாப் புழுவும் குடலுக்குப் போவதில்லை. வளர்ந்த, எதிர்ப்புச் சக்தியுள்ள நாயாக இருந்தால் பல புழுக்கள் வழியிலேயே சதைக்குள் ஒதுங்கி வளராமல் கிடக்கும். மாதக்கணக்கில் கிடக்கும், வருஷக்கணக்கிலும் கிடக்கும். மலத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. வழக்கமாகக் கொடுக்கும் பூச்சி மருந்து குடலைத்தான் சுத்தம் செய்யும். சதையில் கிடப்பதை எட்டாது.

நாய் சினையாகிக் குட்டி போட்டுப் பால் சுரக்க ஆரம்பித்ததும் அந்தப் புழுக்கள் விழித்துக்கொள்கின்றன. மடிக்கு வந்து பாலோடு குட்டிகளின் வயிற்றுக்குள் போகின்றன. ஒருமுறை சதையில் ஏறிய சரக்கு அடுத்தடுத்து மூன்று ஈத்துக்குக்கூட வந்துகொண்டிருக்கும்.

இரண்டு வாரக் குட்டி சுமார் 600 கிராம் இருக்கும். அதன் உடம்பில் மொத்த இரத்தம் 50 மில்லியை எட்டாது. உள்ளே 100 புழு இருந்தால் நாளொன்றுக்கு 10 மில்லி வரை போகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்தும் குறைவு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்திருக்கும். முந்தாநாள் வரை குண்டு குண்டாகக் கிடந்த குட்டிகள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்து போகும். “பால் சேரல”, “கண்ணு பட்டுட்டு”, “தாய் மிதிச்சிட்டு” என்று ஊரில் காரணம் சொல்வார்கள். படித்தவர்கள் பார்வோ வைரஸ் என்பார்கள். பார்வோவும் வரும்தான், ஆனால் இரண்டு மூன்று வார வயதில் ஈறு வெளுத்துச் சாகிற குட்டிக்கு முதல் சந்தேகம் கொக்கிப்புழு மேல்தான் வர வேண்டும். குட்டி சாகும்போது அந்தப் புழுக்கள் முட்டையிடும் வயதுக்கே வந்திருக்காது என்பதால், மலச் சோதனையும் கைவிரித்துவிடும்.

நம்மில் பலர் முதல் பூச்சி மருந்தை முதல் தடுப்பூசியோடு, ஆறாம் ஏழாம் வாரத்தில்தான் கொடுக்கிறோம். அது சாகாமல் மிஞ்சிய குட்டிக்குக் கொடுக்கிற மருந்து. கொடுக்க வேண்டிய நாள் பிறந்த பதினான்காம் நாள். பிறகு எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கூடவே தாய்க்கும். பைரன்டெல் சொட்டு அந்த வயதுக் குட்டிக்கும் ஒத்துக்கொள்ளும். எடை பார்த்து அளவை மருத்துவர் சொல்லட்டும். சினை நாற்பதாம் நாளிலிருந்து குட்டி போட்டு இரண்டு வாரம் வரை தாய்க்குத் தினமும் ஃபென்பென்டசோல் கொடுத்துப் பால்வழியைக் குறைக்கும் முறையும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கொடுத்த ஆல்பென்டசோலில் பாதியை உடைத்து நாய்க்குப் போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அளவு தப்பினால் அது எலும்பு மஜ்ஜையில் கைவைக்கும்.

புழு வீடு மாறிப் போவதும் உண்டு. விடிந்ததும் வெறுங்காலோடு பழம் பொறுக்க வரும் பெண்ணின் பாதமும் அதற்குச் சூடாகத்தான் தெரியும். நாய்ப்புழுவாலும் பூனைப்புழுவாலும் மனிதத் தோலைக் கடந்து உள்ளே போவது பெரும்பாலும் முடியாது. தோலுக்கு அடியிலேயே வழி தெரியாமல் அலையும். காலில் சிவப்புக் கோடாக வளைந்து வளைந்து ஊரும். தூங்க விடாத அரிப்பு. வீடு கட்டக் கொட்டிய மணலில் பூனை வெளிக்கிருந்து மூடிவிட்டுப் போக, அதே மணலில் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடி வாங்கிக்கொள்வதும் இதுதான். வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலையில் மனிதர், நாய், மண் மூன்றிலும் கொக்கிப்புழுவின் மரபணுவைப் பார்த்து 2016-ல் எழுதினார்கள். மனிதர்களிடம் மிகுதியாக இருந்தது மனிதப் புழுவான நெகேட்டர். சிலருடைய மலத்தில் நாய்ப்புழுவின் தடயமும் கிடைத்தது. பிப்ரவரி 10-ஐ ஒட்டிப் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கும் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. தெருநாய்க்கு அப்படி ஒரு நாள் இல்லை.

2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, புழு நீக்கி, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ஒரு தடவை கொடுக்கிற மருந்தின் பலன் சில வாரம்தான். சதையில் கிடப்பதும் மண்ணில் கிடப்பதும் குடலைத் திரும்ப நிரப்பிவிடும். என்னைக் கேட்டால் அந்த மூன்றில் புழுவுக்குப் பெரிய அடி கருத்தடைதான். குட்டி போடாத நாய் பால் சுரக்காது. பால் சுரக்காவிட்டால் சதையில் கிடக்கும் புழுவுக்குப் பால்வழியாகக் குட்டிகளுக்குப் போக வழியில்லை. நாய்த்தொல்லை, வெறிநோய் என்று பேசுகிற இடங்களில் இந்த லாபத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வளர்த்து விற்பவர்கள் அமெரிக்காவைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது நல்லது. அங்கே பந்தய கிரேஹவுண்டுகளை மணல் தரைக் கொட்டில்களில் நூற்றுக்கணக்கில் வைத்து, வருஷக்கணக்கில் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து வந்தார்கள். விளைவு, மூன்று வகை மருந்துக்கும் மசியாத கொக்கிப்புழு. 2019-ல் ஆய்வுகள் அதை உறுதி செய்தன. பல இடங்களில் பந்தயம் நின்று நாய்கள் வீடுகளுக்குத் தத்துப்போனபோது புழுவும் கூடவே போனது. சிப்பிப்பாறையும் அதே ஓட்ட ஜாதி, இங்கேயும் மண்தரைதான். மருந்து கொடுத்த பத்துப் பதினைந்து நாளில் மலத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கோ, திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடைக் கல்லூரிக்கோ போனால், உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இருந்தால் மருந்தை மாற்ற வேண்டும்; இல்லையென்றால் அடிக்கடி கொடுத்துப் பழக்க வேண்டாம்.

அதைவிட மலிவு மண்வெட்டி. பாத்தி ஓரத்தில் கிடப்பதைத் தினமும் காலையில் அள்ளி, வெயில் படுகிற மேட்டில் குழி வெட்டிப் போட்டு மூடிவிட்டால், அதற்குள் பொரிந்தாலும் பாத்தி மண்ணில் தொற்றுகிற பருவத்துக்கு வர நேரம் இருக்காது. குட்டி போடும் நாயை மட்டும் சினை தெரிந்த நாளிலிருந்து மரத்தடியில் கட்டாமல், சிமென்டுத் தரையுள்ள மோட்டார் ரூம் திண்ணையில் கட்டுங்கள்.